கப்புச்சினோ: காய்ச்சாத பாலின் காபி

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் மிட்ராண்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வீட்டுக்கு ஒரு சின்ன எஸ்பிரஸோ மெஷின் வாங்கியிருக்கிறார். கப்புச்சினோ போட்டால் துணி சோப்பு நுரை மாதிரி மேலே குமிழ் குமிழாக நிற்கிறது, கீழே வெறும் பால் காபி. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போன காபிக்கு எதுக்கும்மா இவ்ளோ சத்தம்?" என்றாராம். கணவரோ, ஜோஹன்னஸ்பர்க் மேட்டில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதுதான் கோளாறு என்கிறார். கடைக்குப் போனால் "ஃபோமா, க்ரீமா?" என்று கேட்டுக் குழப்புகிறார்கள். லாட்டே, ஃப்ளாட் ஒயிட், கோர்டாடோ எல்லாம் ஒரே பால் காபிக்கு வைத்த வேறு வேறு விலைதானா என்பது கடைசிக் கேள்வி.

நான் டர்பனில் இருப்பவன். காபி மெஷின் பழுது பார்ப்பது என் பிழைப்பு. காபி போடுகிறவனின் பெருமை எனக்குக் கிடையாது, மெஷினைக் கழற்றிப் பார்த்தவனின் அனுபவம் உண்டு. அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் மாமியாரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நம் வீட்டில் காபி என்றால் பால் பொங்க வேண்டும். பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, இன்னொரு கொதி விட்டு, கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கிய டிகாக்‌ஷனில் அந்தச் சூட்டோடு ஊற்றி, டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்றிக் கொடுப்போம். காய்ந்த பாலுக்கு ஒரு வாசனை உண்டே, அது இல்லாமல் நமக்கு அது காபியே இல்லை. இத்தாலிக்காரன் அந்த வாசனை வந்துவிட்டால் பாலைக் கீழே கொட்டிவிடுவான். அவனுடைய கப்புச்சினோ, பாலைக் காய்ச்சாமல் சூடு மட்டும் பண்ணிக் குடிக்கிற காபி. கேட்கச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

இத்தாலியில் எஸ்பிரஸோவுக்கென்று, அதாவது அழுத்தம் கொடுத்து இறக்கும் அந்தக் கொஞ்சூண்டு கெட்டிக் காபிக்கென்று, ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. அது கப்புச்சினோவுக்கு எழுதி வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். 25 மில்லி எஸ்பிரஸோ. 3 முதல் 5 டிகிரிக்குள் குளிர்ந்த பால் 100 மில்லி. அந்தப் பாலை நீராவியால் சுமார் 55 டிகிரிக்குக் கொண்டுவந்து, அளவில் 125 மில்லி ஆகும்வரை நுரைக்க வேண்டும். கப் 150, 160 மில்லி பிடிக்கிறது. அவ்வளவுதான், நம் டம்ளர் காபியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. சூப் கிண்ணம் மாதிரி ஒரு கப்பில் கொடுப்பதெல்லாம் பிறகு வந்த கடைக்காரர்களின் வேலை. எஸ்பிரஸோவுக்கும் கணக்கு இருக்கிறது: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம் (1 பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்), 25 விநாடி, 25 மில்லி.

55 டிகிரி என்பது வாயில் வைத்தவுடன் தயங்காமல் குடிக்கிற சூடு. நம் ஊர் காபி கொதிக்கிற பாலில் தொடங்கி, ஆற்றி ஆற்றி இறங்கி வருகிறது. இது ஃப்ரிட்ஜிலிருந்து தொடங்கி மேலே ஏறிப் பாதியில் நின்றுவிடுகிறது. ஆக மாமியார் சொன்னது அவர் கணக்கில் சரி. உங்கள் கப்புச்சினோ சூடு குறைவாக இருந்தது என்றால் அது தப்பாகப் போட்டதாலேயே இருக்க வேண்டியதில்லை, சரியாகப் போட்டதாலும் இருக்கலாம்.

அப்படியானால் இன்னும் சூடாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். கடையில் 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று கேட்பதில் நம்மவர்கள் முன்னணி, நானே கேட்டிருக்கிறேன். பாலில் நுரையைப் பிடித்து நிறுத்துவது புரதம். கேசீன் ஒன்று, ஜிம்முக்குப் போகிறவர்கள் டப்பா டப்பாவாக வாங்கும் வே புரதம் இன்னொன்று. காற்று உள்ளே போகும்போது இவை ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் தோல் மாதிரி போர்த்திக்கொள்கின்றன. 70 டிகிரியைத் தாண்டினால் வே புரதம் வேகமாகக் குலையத் தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் கந்தகம் கலந்த வாசனைகள் வெளியே வருகின்றன. நாம் 'காய்ந்த பால் வாசனை' என்று ஆசைப்படுவது பெரும்பாலும் அதுதான்! நுரையும் உலர்ந்து, காபியை விட்டுத் தனியாகப் பிரிந்து தொப்பி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பாலின் இனிப்பு நாக்குக்கு நன்றாகத் தெரிவதும் 55, 60, மிஞ்சினால் 65 வரைக்கும்தான். ஒரு கப்புச்சினோவைச் சர்க்கரை போடாமல் குடித்துப் பார்த்துவிட்டு, அதே பாலைக் கொதிக்கவிட்டு இன்னொன்று போட்டுக் குடியுங்கள். நான் எழுதியதை எல்லாம்விட அது நன்றாகப் புரியவைக்கும்.

இப்போது உங்கள் சோப்பு நுரை. கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பாலை வாங்கினவுடன் அத்தை காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்." எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். இங்கே கடையில் வாங்குவது பாஸ்சுரைஸ் பண்ணின பால், அதைக் காய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை. காய்ச்சி ஆறவைத்தால் மேலே ஆடை கட்டுகிறது. ஆடையோடு கொழுப்பும் புரதமும் சேர்ந்து போகிறது. மிச்சப் பாலில் ஆடைத் துணுக்குகள் மிதக்கும், அவை நீராவிக் குழாயின் ஓட்டையில் போய் உட்காரும். வாசனையும் முன்பே மாறிப்போயிருக்கும். அந்தப் பாலில் நுரையே வராது என்று சொல்ல மாட்டேன், வரும். கப்புச்சினோ மட்டும் வராது. மெஷினுக்கென்று ஒரு பாட்டில் ஃபுல் க்ரீம் பாலைத் தனியாக எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் வையுங்கள். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

பால் பழசாக இருந்தாலும் நுரை நிற்காது. நாள் ஆக ஆகப் பாலின் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, பிரிந்த கொழுப்பு அமிலங்கள் சேரும். அவை குமிழின் தோலை உடைத்துவிடும். குடித்தால் கெட்டமாதிரியே தெரியாது, நுரைத்தால் மட்டும் ஷாம்பெயின் மாதிரி சரசரவென்று அடங்கிவிடும். கொழுப்பு நீக்கிய பாலில் நுரை எளிதாகவும் விறைப்பாகவும் வரும், ஆனால் வாயில் வெறும் காற்று. தொடக்கக்காரர்கள் அதில் ஏமாந்துபோவார்கள், "பாருங்க, எவ்வளவு நுரை!" என்று. மின்வெட்டுக் காலத்தில் நாம் எல்லோரும் வாங்கிக் குவித்த லாங் லைஃப் பாலும் நன்றாகவே நுரைக்கும், குளிரவைத்து எடுத்தால். அதை ஏற்கெனவே 135, 140 டிகிரிக்குச் சில விநாடி சூடேற்றித்தான் அடைக்கிறார்கள். அதனால் அந்தக் காய்ந்த வாசனை பாக்கெட்டிலேயே இருக்கும். யோசித்துப் பார்த்தால் உங்கள் மாமியாருக்கு அதில் போட்ட கப்புச்சினோ பிடித்துப்போனாலும் போகலாம்.

சரி, கை வேலைக்கு வருவோம். ஸ்டீல் ஜாடியில் மூக்கு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேவரை குளிர்ந்த பால். நீராவிக் குழாயை முதலில் வெறும் துணியில் திறந்து இரண்டு விநாடி விடுங்கள், உள்ளே தேங்கிய தண்ணீர் போய்விடும். இதைப் பலர் செய்வதில்லை. நீராவி பாலைச் சூடாக்குவது தான் தண்ணீராக மாறித்தான். 100 மில்லி பாலை 4 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 9 மில்லி தண்ணீர் அதில் சேர்ந்தே தீரும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் குழாய்த் தண்ணீரும் சேர்ந்தால் பால்காரரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

குழாய் நுனியைப் பாலின் மேல்தட்டுக்குச் சற்றே கீழே, ஜாடியின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக வையுங்கள். திறந்தவுடன் புதுத்துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிப்பது மாதிரி 'டிஸ், டிஸ்' என்று கேட்க வேண்டும். அதுதான் காற்று உள்ளே போகிற சத்தம். 'கட கட' என்று கொப்பளித்தால் நுனி மிக மேலே இருக்கிறது, உங்கள் சோப்பு நுரை அங்கேதான் பிறக்கிறது. 'கீ' என்று அலறினால் காற்றே போகவில்லை. ஜாடியின் அடியில் இன்னொரு கையை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சி போய், சூடும் தெரியாமல், உங்கள் உள்ளங்கையும் ஜாடியும் ஒன்று என்கிற மாதிரி ஒரு கணம் வரும். அது 37 டிகிரி. காற்று விடும் வேலை அதோடு முடிந்தது. நுனியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, பால் சுழலும்படி மட்டும் பிடியுங்கள். பெரிய குமிழ்களை அந்தச் சுழல்தான் உடைத்துப் பொடியாக்குகிறது. கையை வைத்திருக்க முடியவில்லை என்று எடுக்கத் தோன்றும் நேரத்தில் மூடிவிட்டால் 60 பக்கத்தில் இருப்பீர்கள். நீங்கள் செய்வது, என் ஊகத்தில், கடைசிவரைக்கும் காற்று விட்டுக்கொண்டே இருப்பது. 40 டிகிரிக்கு மேல் உள்ளே போன காற்றை உடைக்கப் பிறகு நேரம் இருப்பதில்லை.

வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கிரைண்டரில் உளுந்து ஆட்டியிருப்பீர்கள். முதலில் தண்ணீரும் பருப்புமாகத் தெரியும், பிறகு கெட்டியாகும், பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று பொங்கி, வெள்ளையாக, பளபளப்பாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்குமே. உளுந்து மாவிலும் நடப்பது காற்றைப் பொடிப்பொடியாக அடைப்பதுதான். சரியாக நுரைத்த பால் அந்த இட்லி மாவின் மினுக்கில் இருக்கும், ஆனால் ஊற்றும்படி தளர்வாக. உங்கள் நுரை வடை மாவு மாதிரி நின்றால் காற்று அதிகம். ஜாடியை மேடையில் ஒரு தட்டுத் தட்டி, சுழற்றி, உடனே ஊற்றுங்கள். அரை நிமிஷம் விட்டால் நுரை மேலே, பால் கீழே என்று பிரியத் தொடங்கிவிடும். நுரையைக் கரண்டியால் அள்ளிப் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாலும் நுரையும் ஒன்றாகவே விழ வேண்டும், ஒவ்வொரு வாயிலும் காபி, பால், காற்று மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

மிச்சப் பாலைத் திரும்ப நுரைக்காதீர்கள். நான் இங்கே வந்த புதிதில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரே ஜாடியைக் காலையிலிருந்து மதியம்வரை மேலே மேலே பால் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டே இருப்பார்கள். பதினொரு மணிக்கு மேல் வருகிறவருக்கு நீராவி வாசனை அடிக்கும் பால்தான். நுரை வரவில்லை, மெஷினைப் பார் என்று என்னைக் கூப்பிடுவார்கள். நானும் இரண்டு முறை குழாயைக் கழற்றி மாட்டிய பிறகுதான் ஜாடியை மோந்து பார்த்தேன்.

உங்கள் கணவரின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது, பாதி உண்மை அதில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆனால் மெஷின் திறந்த பாத்திரம் இல்லையே. நீராவி பாய்லரின் முள் 1 பார் காட்டினால், அது வெளிக்காற்றுக்கு மேல் 1 பார். டர்பனில் அப்போது உள்ளே சுமார் 120 டிகிரி, உங்கள் ஊரில் 117, 118. பாலை 60 டிகிரிக்குக் கொண்டுபோக இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. சின்ன வீட்டு மெஷின்களில் தெர்மோஸ்டாட் ஒரு வெப்பநிலையைப் பார்த்துத்தான் நிற்கும், அதற்கு ஊர் தெரியாது. உயரம் நிஜமாகவே கைகொடுப்பது உங்கள் ஃபில்டரில். டிகாக்‌ஷனுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாலும் அது 94தான், காபித் தூளுக்கு நல்ல சூடு. இங்கே டர்பனில் நான் அடுப்பை அணைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கிறது.

"ஃபோமா, க்ரீமா?" இந்தக் கேள்வியைத் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே கேட்டால் விழிப்பார்கள். ஃபோம் என்றால் நீராவியில் நுரைத்த பால். க்ரீம் என்றால் அடித்த க்ரீமைக் காபியின் மேல் மலைபோல வைத்துத் தருவது. காபி பற்றித் தெரிந்தவர்கள் க்ரீம் கேட்பவரைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கப்புச்சினோவின் தாத்தா வியன்னாவின் 'கப்புசினர்'. 18-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே இருந்த பானம், காபியில் க்ரீம் கலந்தது. கப்புச்சின் சபைத் துறவிகளின் அங்கி நிறம் வரும்வரைக்கும் கலப்பார்கள், அதனால் அந்தப் பெயர். அந்தத் துறவிகளுக்கே பெயர் வந்தது தலையை மூடும் குல்லாவிலிருந்து. 1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது மார்க்கோ தாவியானோ என்ற துறவி இதைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸப்பில் வரும். அந்தத் துறவி அங்கே இருந்தது நிஜம், காபி பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கதை. எப்படியானாலும் க்ரீம் கேட்கிற நம் டர்பன் பாட்டிகள் மூலத்துக்கு ஒரு படி பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நீராவி நுரை வர மெஷின் வர வேண்டியிருந்தது. மிலானின் லூயிஜி பெட்செரா 1901-இல் காப்புரிமை எடுத்த மெஷின் நீராவி அழுத்தத்திலேயே காபி இறக்கியது, காபி கொஞ்சம் கருகிய மாதிரிதான் இருந்திருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கில்லே காஜ்ஜியாவின் ஸ்பிரிங் நெம்புகோல் மெஷின் அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டியது, எஸ்பிரஸோவின் மேலே பொன்னிறப் படலம் முதல்முறையாக வந்தது. 1961-இல் ஃபயேமாவின் ஈ61 நெம்புகோலுக்குப் பதில் மின் பம்ப் வைத்தது. இப்போது நான் திறந்து பார்க்கும் மெஷின்களில் முக்கால்வாசி அதன் பேரப்பிள்ளைகள். இதற்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஊரில் கல்யாண மண்டப வாசலில் 'எஸ்பிரஸோ காபி' என்று ஒரு ஸ்டீல் மெஷின் புஸ்ஸென்று கத்திக்கொண்டிருக்குமே, நினைவிருக்கிறதா? இன்ஸ்டன்ட் தூளில் சர்க்கரையைப் போட்டு அடித்து, நீராவியில் நுரைத்த பாலை ஊற்றி, மேலே கொஞ்சம் தூள் தூவித் தருவார்கள். அதில் எஸ்பிரஸோ ஒரு சொட்டும் கிடையாது. உங்கள் மாமியாரும் எத்தனையோ ரிசப்ஷனில் அதைக் கேட்டு வாங்கிக் குடித்திருப்பார், நினைவுபடுத்திப் பாருங்கள்.

விலைப்பட்டியல் கேள்வி. ஒரே காபி, ஒரே பால், ஆனால் ஏமாற்று இல்லை. கோர்டாடோ: எஸ்பிரஸோவும் பாலும் ஏறக்குறைய சரிபாதி, நுரை பேருக்கு. ஃப்ளாட் ஒயிட்: ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் எங்களுடையது என்று இன்னும் சண்டை போடும் பானம், கப்புச்சினோ அளவு, நுரை மெலிசு, காபி தூக்கல். லாட்டே: பால் நிறைய, மேலே ஒரு விரற்கடை நுரைகூட இருக்காது, இத்தாலியில் 'லாட்டே' என்று மட்டும் சொன்னால் ஒரு கிளாஸ் பால் வந்து சேரும். கப்புச்சினோவில் நுரை ஒரு சென்டிமீட்டராவது வேண்டும். காபியின் கசப்பு பிடிக்குமானால் கோர்டாடோ, நம் டிகிரி காபி ஏக்கம் இருந்தால் ஃப்ளாட் ஒயிட் என்பது என் சிபாரிசு. டிகாக்‌ஷன் தூக்கலாகக் குடித்துப் பழகிய நாக்குக்கு லாட்டே தண்ணிக் காபி.

ராத்திரி காபி ஆகாது என்கிறவர்களுக்கு இந்த நாட்டின் சொந்தச் சரக்கு ஒன்று இருக்கிறது. செடர்பெர்க் மலைப்பக்கம் விளையும் ரூய்போஸ் என்ற செடியின் இலையைப் பொடியாக அரைத்து, காபித் தூளுக்குப் பதில் எஸ்பிரஸோ மெஷினில் இறக்கி, அதன்மேல் நுரைத்த பால் ஊற்றுவது, பெயர் 'ரெட் கப்புச்சினோ'. கஃபீன் கிடையாது. ஒரு சொட்டுத் தேன் விட்டால் நன்றாகவே இருக்கும். மெஷினுக்கும் கெடுதல் இல்லை, அரைத்த தூளின் பதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

அத்தைக்குக் கப்புச்சினோ பழக்க மெனக்கெடாதீர்கள். நாட்டின் ஈஸ்டர்ன் கேப்பில் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் சிக்கரி விளைகிறது, இங்கே டப்பாக் காபிகளில் அது தாராளம். டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வர்த்தில் வயதான தமிழ்க் குடும்பங்களில் காபி என்றாலே இன்றும் அந்த டப்பாதான். ஆகச் சிக்கரி கலந்த தூளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, அவர் காய்ச்சி வைத்த பாலிலேயே அவருக்குப் போட்டுக் கொடுங்கள். இரண்டு பாட்டில் பால், இரண்டு விதமான காபி.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நுரைத்து முடித்த அதே கணத்தில் நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி திறந்து மூடுங்கள். சூடான குழாயில் பால் ஒட்டினால் ஐந்தே நிமிஷத்தில் காய்ந்து கல்லாகிவிடும். நுனியின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, நீராவி ஒரு பக்கமாகப் பீய்ச்சும், பால் சுழலவே சுழலாது. இப்போதே உங்கள் குழாய் நுனியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு வைத்து, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையையும் குத்திப் பாருங்கள். மாமியார் காய்ச்சிய பாலின் ஆடை அதிலிருந்து வந்தால் எனக்கு எழுதுங்கள்.